தடயம் பேசும்

கைநாட்டு. இந்தச் சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்கு மனம் சுருங்கும். எழுதத் தெரியாதவர் என்பதற்கு அது அடையாளமாக இருந்தது. ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தோம். வங்கியில் வைத்தோம். வட்டிக்குக் கடன் வாங்கிய இடத்திலும் வைத்தோம். பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டோம். இன்று நம் பெயரை நாமே எழுதுகிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நன்றாகப் படித்தவர்களும் பத்திரம் பதியும்போது பெருவிரல் ரேகை வைக்கிறார்கள். ஆதார் அட்டை எடுக்கும்போது எல்லோரும் பத்து விரல்களையும் வைக்கிறோம். கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கு விரல் ரேகை எதற்கு?

காரணம் இதுதான். ஒருவருடைய கையெழுத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதிப் பழகலாம். ஒருவருடைய விரல் ரேகையோ இன்னொருவர் விரலில் இருக்காது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே ரேகை உருவாகிவிடுகிறது. சாகும் வரை அந்த அமைப்பு மாறுவதில்லை. ஒரே சாயலில் பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கும் ரேகை வேறு வேறுதான். தோல் லேசாகச் சுட்டுப் போனால்கூடப் பழைய ரேகையே மறுபடியும் வளரும்.

ஆகவே கைநாட்டு வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல. அதற்குள் ஒரு அறிவியல் இருக்கிறது. அதன் பெயர் தடய அறிவியல். நடந்தவர் விட்டுச் செல்வது தடம். நடந்த செயல் விட்டுச் செல்வது தடயம். தடயத்தை ஆராய்ந்து உண்மையைக் கண்டுபிடிப்பது தடய அறிவியல்.

உங்கள் வீட்டில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சேர்ந்து படியுங்கள். செய்து பார்க்கச் சில சோதனைகளும் உள்ளன.

பஞ்சாங்கத்தில் ஒரு ரேகை

விரல் ரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் அலுவலகம் உலகிலேயே முதன்முதலாக எங்கே தொடங்கியது தெரியுமா? லண்டனில் அல்ல. நம் நாட்டில், கல்கத்தாவில். ஆண்டு 1897. ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் முறைக்கு ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் வைக்கப்பட்டது. ஆனால் அந்த முறையை உருவாக்க உழைத்தவர்கள் இரண்டு இந்தியர்கள். ஒருவர் அஜீஜுல் ஹக். மற்றவர் ஹேம் சந்திர போஸ்.

அடுத்த ஆண்டே அந்த அலுவலகத்துக்கு ஒரு சோதனை வந்தது. வங்காளத்தில் ஜல்பைகுரி என்ற இடம். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேலாளர் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். பெட்டியில் இருந்த பணம் காணவில்லை. பார்த்த சாட்சி யாரும் இல்லை. பெட்டிக்குள் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. அதன் அட்டையில் இரத்தக் கறை. கறையில் ஒரு பெருவிரலின் ரேகை.

ஏற்கெனவே திருட்டுக்காகச் சிறை சென்ற ஒருவரின் ரேகை அலுவலகத்தில் இருந்தது. அவர் அந்த மேலாளரிடம் முன்பு வேலை பார்த்தவர். இரண்டு ரேகைகளும் ஒத்துப்போயின.

நீதிமன்றம் என்ன சொன்னது? திருட்டுக்குத் தண்டனை கொடுத்தது. கொலைக்குக் கொடுக்கவில்லை. ஏன்? அந்த விரல் பஞ்சாங்கத்தைத் தொட்டது என்று ரேகை சொன்னது. கொலை செய்தது அந்தக் கைதான் என்று ரேகை சொல்லவில்லை. அதற்கு வேறு சான்று வேண்டும். இதை நினைவில் வையுங்கள். ஒரு தடயம் எதைச் சொல்கிறதோ அதை மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் நாமாகச் சேர்க்கக் கூடாது.

தொட்டால் ஒட்டும்

பிரான்ஸ் நாட்டில் எட்மண்ட் லொக்கார் என்ற அறிஞர் இருந்தார். 1910-ல் லியோன் நகரில் போலீசுக்காக ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கினார். அவர் சொன்ன கருத்து மிக எளிது. இரண்டு பொருள்கள் ஒன்றை ஒன்று தொட்டால், ஒன்றிலிருந்து கொஞ்சம் மற்றதில் ஒட்டும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். மழை பெய்த மறுநாள் மரச்சீனி விளைக்குள் நடந்து பாருங்கள். செம்மண் உங்கள் காலில் ஒட்டும். உங்கள் கால் தடம் மண்ணில் பதியும். விளை உங்களிடம் வந்தது. நீங்கள் விளையில் தங்கினீர்கள். வேலி முள்ளில் சட்டை மாட்டினால் நூல் அங்கே நிற்கும். நாற்காலியில் சாய்ந்தால் ஒரு தலைமுடி ஒட்டும். டம்ளரைப் பிடித்தால் ரேகை பதியும்.

நாம் கவனிப்பதில்லை. தடய அறிவியல் கவனிக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

அமரவிளையில் நிற்கும் வண்டி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் பெரிய சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் அமரவிளை இருக்கிறது. கொஞ்சம் தள்ளிக் களியக்காவிளை. அதோடு கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. அமரவிளையில் உள்ள கலால் துறைச் சோதனைச் சாவடி எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸை நிறுத்துவார்கள். பைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். சில நாட்களில் கஞ்சா பிடிபட்டதாகச் செய்தி வரும்.

பிடிபட்ட பொட்டலத்தில் இருப்பது கஞ்சாதான் என்று யார் சொல்வது? பார்த்த அதிகாரி சொன்னால் போதுமா? போதாது. ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். அதனால் பிடித்த பொருளிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். அதை உறையில் போட்டு முத்திரை வைக்கிறார்கள். நீதிமன்றம் வழியாக அது வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது.

இப்படிப்பட்ட வேலை நம் நாட்டில் புதிதல்ல. இந்தியாவின் முதல் வேதியியல் ஆய்வாளர் கூடம் 1849-ல் சென்னையில் தொடங்கியது. அந்தக் காலத்தில் அதன் முக்கிய வேலை விஷத்தைக் கண்டுபிடிப்பது. இன்று திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் தடய அறிவியல் ஆய்வுக்கூடங்கள் உள்ளன.

சாராயத்தையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கல்லில் விஷச் சாராயம் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குக் கண் பார்வை போனது. மெத்தில் ஆல்கஹால் என்ற விஷம்தான் இப்படிச் செய்யும். பார்வைக்கும் மணத்துக்கும் அது மற்ற சாராயத்தைப் போலவே இருக்கும். கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும்.

முத்திரை எதற்கு? நீதிமன்றத்தில் வக்கீல் ஒரு கேள்வி கேட்பார். "அமரவிளையில் பிடித்த பொருளும் திருவனந்தபுரத்தில் சோதித்த பொருளும் ஒன்றுதானா?" இடையில் யார் கையில் இருந்தது, எத்தனை நாள் இருந்தது, முத்திரை உடையாமல் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பதில் ஒரு சங்கிலி போலத் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் வழக்கு விழுந்துவிடும்.

இங்கேதான் நமக்கும் ஒரு பங்கு வருகிறது. பொருளைக் கைப்பற்றும்போது மகசர் எழுதுவார்கள். என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, எவ்வளவு என்று அதில் இருக்கும். வழியில் போகும் நம்மைக் கூப்பிட்டு, "ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். எழுதத் தெரிந்துவிட்டதே என்று உடனே போட்டுவிடாதீர்கள். முதலில் படியுங்கள். மலையாளத்தில் எழுதியிருந்து உங்களுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்றால், படித்துச் சொல்லும்படி கேளுங்கள். நீங்கள் கண்ணால் கண்டது அதில் இருந்தால் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். நாளை நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கஷாயமும் களைக்கொல்லியும்

இனி நம் பக்கத்தில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். நாடு முழுவதும் பேசப்பட்ட வழக்கு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர் நமக்கு வேண்டாம். பாடம் மட்டும் போதும்.

பாறசாலையைச் சேர்ந்த ஓர் இளைஞர். வயது 23. கல்லூரியில் படித்து வந்தார். எல்லைக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பெண்ணோடு அவருக்குப் பழக்கம். 2022 அக்டோபர் 14 அன்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு கஷாயம் குடித்தார். திரும்பும்போதே வாந்தி எடுத்தார். அன்று ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் சோதனைகளில் பெரிய கோளாறு தெரியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டார்.

பிறகு வாயும் தொண்டையும் புண்ணாயின. தண்ணீர் விழுங்க முடியவில்லை. சிறுநீரகம் கெட்டது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். 11 நாட்கள் போராடினார். அக்டோபர் 25 அன்று இறந்தார்.

கஷாயத்தில் கலந்திருந்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. தோட்டத்தில் புல் கருக அடிக்கும் மருந்து. இந்த விஷத்தின் கொடுமை அது மெதுவாகக் கொல்வதில்தான் இருக்கிறது. முதல் நாள் ஆள் நடமாடுவார். பேசுவார். சாதாரண இரத்தச் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பிறகு சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகக் கெடும். இந்த விஷத்தை முறிக்கும் மருந்து இன்று வரை இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த விஷத்தின் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களிலேயே சிறுநீர் வழியாக வெளியேறிவிடும். விஷம் போய்விடும். அது செய்த கேடு தங்கிவிடும். நாள் கடந்து உடலைச் சோதித்தால் விஷத்தைக் காண்பது கடினம். முதல் நாட்களில் எடுத்த சிறுநீர் கையில் இருந்தால் எளிது. அதில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். விஷம் இருப்பது தெரிந்துவிடும். என்ன குடித்தார் என்று முதலிலேயே தெரிந்தால்தான் டாக்டர் அந்தச் சோதனையைச் செய்வார்.

இந்த வழக்கில் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. மருத்துவமனையில் மாஜிஸ்திரேட் அந்த இளைஞரிடம் வாக்குமூலம் வாங்கினார். யார் மீதும் சந்தேகம் இல்லை என்றுதான் அவர் சொன்னார். தான் நேசித்தவரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவர் வாய் சொல்லாததைத் தடயங்கள் சொல்லின. நோய் எப்படி வளர்ந்தது என்று டாக்டர்கள் எழுதி வைத்த குறிப்புகள் சொல்லின. கண்டெடுக்கப்பட்ட மருந்துக் குப்பி சொல்லியது. கைப்பேசி சொல்லியது. இந்தக் களைக்கொல்லி மனித உடலை என்ன செய்யும் என்று அந்தப் பெண் முன்கூட்டியே இணையத்தில் தேடியிருந்தார். தேடியதை அழித்தாலும் கைப்பேசியில் அதன் அடையாளம் இருக்கும். விரல் ரேகை கண்ணாடியில் ஒட்டுவதைப் போல, நாம் தேடுவதும் அனுப்புவதும் கைப்பேசியில் ஒட்டிக்கொள்கின்றன.

குடித்தது தமிழ்நாட்டில். இறந்தது கேரளத்தில். எந்தப் போலீஸ் விசாரிப்பது, எந்த நீதிமன்றம் கேட்பது என்ற கேள்வியும் எழுந்தது. முடிவில் கேரளப் போலீசே விசாரித்தது. நெய்யாற்றின்கரை நீதிமன்றம் வழக்கைக் கேட்டது. எல்லைக் கல் நிலத்துக்குத்தான். தடயத்துக்கு எல்லை கிடையாது.

2025 ஜனவரி 17 அன்று அந்தப் பெண் குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னது. ஜனவரி 20 அன்று மரண தண்டனை விதித்தது. இப்படிப்பட்ட தண்டனையை உயர்நீதிமன்றம் உறுதி செய்த பிறகுதான் நிறைவேற்ற முடியும் என்பது சட்டம். அவருடைய மாமாவுக்கு 3 ஆண்டு சிறை. அவர் செய்த குற்றம் என்ன? தடயத்தை அழித்தது. கவனியுங்கள். தடயத்தை அழிப்பதே ஒரு தனிக் குற்றம்.

நெருப்பும் அழிக்கவில்லை

விஷம் மறைந்தாலும் தடயம் நிற்கும் என்று பார்த்தோம். நெருப்பில் எரிந்தால்?

1984 ஜனவரியில் ஆலப்புழை மாவட்டம் மாவேலிக்கரை அருகே, வயலில் ஒரு அம்பாசடர் கார் எரிந்து கிடந்தது. உள்ளே கருகிய உடல். கார் சுகுமாரக் குறுப்பு என்பவருடையது. அவர் வெளிநாட்டில் பெரிய தொகைக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். விபத்தில் அவர்தான் இறந்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பிரேதப் பரிசோதனை செய்தவர் டாக்டர் உமாதத்தன். அவர் மூச்சுக்குழாயைத் திறந்து பார்த்தார். அதில் புகைக்கரி இல்லை. உயிரோடு இருப்பவர் தீயில் சிக்கினால் மூச்சு விடுவார். மூச்சோடு புகை உள்ளே போகும். மூச்சுக்குழாயில் கரி படியும். கரி இல்லை என்றால் என்ன பொருள்? எரிவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அப்படியானால் அது விபத்து அல்ல. கொலை.

விசாரணை தொடர்ந்தது. இறந்தவர் குறுப்பு அல்ல என்று தெரிந்தது. அன்று இரவு வீட்டுக்குப் போக வண்டி தேடிச் சாலையில் நின்ற ஓர் அப்பாவி அவர். காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றிருந்தார்கள். கூட்டாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. குறுப்பு மட்டும் தப்பி ஓடிவிட்டார். ஒரு சிறு குழாயில் கரி இருக்கிறதா, இல்லையா என்று ஒருவர் பொறுமையாகப் பார்த்தார். அதனால் ஒரு குடும்பத்துக்கு உண்மை கிடைத்தது.

குற்றமற்றவரையும் காப்பாற்றும்

தடய அறிவியல் குற்றவாளியைப் பிடிக்க மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லா வகை உயிரணுக்களிலும் டி.என்.ஏ. என்ற பொருள் இருக்கிறது. பாதி தாயிடமிருந்து வருகிறது. பாதி தந்தையிடமிருந்து வருகிறது. ஒருவருடைய டி.என்.ஏ. அமைப்பு இன்னொருவருக்கு இருக்காது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் மட்டும் விலக்கு. இரத்தம், எச்சில், முடியின் வேர் எதிலிருந்தும் அதை எடுக்கலாம். இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-ல் இந்த முறையைக் கண்டுபிடித்தார்.

அங்கே இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். ஒரு கொலையை அவன் ஒப்புக்கொண்டும் விட்டான். 1986-ல் டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். அவன் செய்யவில்லை என்று தெரிந்தது. விட்டுவிட்டார்கள். ஒப்புக்கொண்ட வாய் பொய் சொல்லியது. தடயம் உண்மை சொல்லியது. பிறகு உண்மையான குற்றவாளி பிடிபட்டான்.

நம் நாட்டில் ஐதராபாத் ஆய்வுக்கூடத்தில் லால்ஜி சிங் என்ற அறிவியலாளர் இந்த முறையை வளர்த்தார். நீதிமன்றத்தில் அது முதலில் பயன்பட்ட வழக்குகளில் ஒன்று கேரளத்தில்தான், தலச்சேரியில். ஒரு பெண் தன் குழந்தைக்குத் தந்தை இவர்தான் என்றார். அவர் மறுத்தார். டி.என்.ஏ. சோதனை அந்தப் பெண் சொன்னதே உண்மை என்று காட்டியது. 1991-ல் கேரள உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. ஊரார் பேச்சுக்கு ஆளான ஒரு தாய்க்கு அறிவியல் துணை நின்றது.

வீட்டில் செய்து பாருங்கள்

பிள்ளைகளோடு சேர்ந்து இவற்றைச் செய்து பார்க்கலாம். செலவு அதிகம் இல்லை.

சோதனை 1: யார் விரல் எந்த வகை?
வெள்ளைத் தாளில் பென்சிலால் கறுப்பாகத் தேயுங்கள். அதில் விரலைத் தேயுங்கள். விரல் மேல் செல்லோ டேப்பை ஒட்டி எடுங்கள். டேப்பை வேறு வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். ரேகை தெளிவாகத் தெரியும். வளைந்து திரும்பி வந்த வழியே போனால் அது கண்ணி. வட்டமாகச் சுற்றினால் சுழி. மேடு போல ஏறி இறங்கினால் வில். வீட்டில் எல்லோருடைய ரேகையையும் எடுத்து ஒப்பிடுங்கள். யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகிறதா?

சோதனை 2: டம்ளரைத் தொட்டது யார்?
கண்ணாடி டம்ளரை நன்றாகத் துடையுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் அதைப் பிடித்துவிட்டு வைக்கட்டும். முகப் பவுடரை மெல்லிய தூரிகையால் டம்ளர் மேல் தூவி, மெதுவாகத் தட்டுங்கள். விரலின் வியர்வையிலும் எண்ணெயிலும் பவுடர் ஒட்டும். ரேகை தெரியும். டேப்பில் எடுத்துக் கறுப்புத் தாளில் ஒட்டுங்கள். முதல் சோதனையில் எடுத்த ரேகைகளோடு ஒப்பிடுங்கள். இனி அதே டம்ளரை நான்கு பேர் மாறி மாறிப் பிடியுங்கள். மறுபடியும் பவுடர் தூவுங்கள். என்ன ஆயிற்று? ஒன்றின் மேல் ஒன்றாகக் கலங்கிவிட்டது. குற்றம் நடந்த இடத்தில் கூட்டம் கூடினால் இதுதான் நடக்கும்.

சோதனை 3: நிறம் சொல்லும் செய்தி
மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வையுங்கள். அதில் ஓரிடத்தில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். இன்னோர் இடத்தில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். மூன்றாவது இடத்தில் சும்மா தண்ணீர் விடுங்கள். சோப்புப் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும். ஆய்வுக்கூடத்தில் பல பொருள்களை முதலில் இப்படி நிறத்தை வைத்துத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்புத் தண்ணீரும் மஞ்சளைச் சிவப்பாக்கும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. கருவிகளால் மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள்.

இதில் ஆர்வம் உள்ள பிள்ளை அறிவியல் பாடங்களை நன்றாகப் படிக்கட்டும். பட்டப் படிப்பில் வேதியியல், இயற்பியல், உயிரியல், தடய அறிவியல் என எதைப் படித்தவருக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. குஜராத்தில் காந்திநகரைத் தலைமை இடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-ல் சட்டப்படி அமைந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 7 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது. இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. இதைச் செய்ய நிறைய ஆட்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் உங்கள் மகளாகவோ மகனாகவோ இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

தடய நிபுணர் வந்து சேர நேரம் ஆகும். அதற்கு முன் அந்த இடத்தில் இருப்பது நாம்தான். நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தடயம் நிற்கும் அல்லது அழியும்.

1. முதலில் உயிர். பிறகுதான் தடயம். உயிர் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தடயம் கெடுமே என்று தயங்க வேண்டாம்.

2. யாராவது விஷம் குடித்ததாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். என்ன குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மானம் போகுமே என்று மறைத்தால் உயிர் போகும். மருந்துக் குப்பி கிடைத்தால் அதையும் கொண்டுபோங்கள். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று பாதியில் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

3. குடித்த டம்ளரைக் கழுவாதீர்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காதீர்கள். தனியாக எடுத்து வையுங்கள்.

4. களவு போன வீட்டில் எதையும் தொடாதீர்கள். கதவு திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும். அக்கம்பக்கத்தார் உள்ளே வர வேண்டாம் என்று ஒருவர் வாசலில் நின்று சொல்லுங்கள்.

5. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணோ குழந்தையோ உங்களிடம் வந்தால், குளிக்கச் சொல்லாதீர்கள். உடுத்திய துணியைத் துவைக்காதீர்கள். துணியைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும் பணம் வாங்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். குளித்துவிட்டாலும் பரவாயில்லை. அப்போதும் போகலாம்.

6. பூச்சி மருந்தையும் களைக்கொல்லியையும் குளிர்பானக் குப்பியில் ஊற்றி வைக்காதீர்கள். அவற்றைக் கடையில் வாங்கிய குப்பியிலேயே, பெயர் ஒட்டியபடியே, குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

தடயத்துக்கு வாய் இல்லை. அதனால் பயமுறுத்தினாலும் அது மாறாது. பணம் கொடுத்தாலும் மாறாது. ஏழை, பணக்காரர் என்று பார்க்காது. ஆனால் ஒரு வாளித் தண்ணீர் போதும், அதை அழித்துவிட. ஒரு துடைப்பம் போதும். அதைக் காப்பாற்றி நிபுணரின் கையில் சேர்ப்பது நம் பொறுப்பு.

கலந்து பேசுங்கள்

பஞ்சாங்கத்தில் ரேகை இருந்தும் கொலைக்குத் தண்டனை கொடுக்கவில்லை. அது சரியா? ஏன்?

உங்கள் ஊரில் களவோ விபத்தோ நடந்தபோது கூட்டம் என்ன செய்தது? இனி என்ன செய்யலாம்?

மகசரில் சாட்சிக் கையெழுத்துப் போடும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்? ஒரு பட்டியல் எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் பூச்சி மருந்து எங்கே இருக்கிறது? இன்றே போய்ப் பாருங்கள்.